ரசீதின் அடியில் இருக்கும் பெயரைப் படியுங்கள்: வேலூர்ப் பக்கத்து டெபாசிட்தாரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஓய்வுக்காலப் பணத்தை வட்டிக்குப் போட்டிருப்பவர்கள் முதலில் பீரோவைத் திறந்து டெபாசிட் ரசீதை எடுத்துக்கொண்டு வாருங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம். எங்கள் பக்கத்தில் பல ஆண்டுகளாக நடந்துவந்த ஒரு நிதி நிறுவனம் கதவைச் சாத்திவிட்டது. வழக்கு நடப்பதால் பெயரை எழுதவில்லை. பணம் போட்டவர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும்.

என் அத்தை ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று கைக்கு வந்த ஆறு லட்சம் ரூபாயை அங்கே போட்டிருந்தார். கண்ணாடிக் கதவு, ஏ.சி., டோக்கன் கொடுக்கும் இயந்திரம், காசாளர் கூண்டு, பாஸ்புக் எல்லாம் இருந்தன. ஊழியர்கள் வாய்க்கு வாய் 'நம்ம பேங்க்' என்றார்கள். வாசல் பலகையில் மட்டும் சின்ன எழுத்தில் 'நிதி லிமிடெட்' என்று இருந்தது. பேங்க் என்று பலகையில் எழுதினால் சட்டம் பாயும். வாயால் சொன்னால் யார் வந்து பிடிக்கப்போகிறார்கள்?

நிதி நிறுவனம் என்றாலே மோசடி என்று நான் சொல்லவரவில்லை. 'பண்டு ஆபீஸ்' என்று சொல்லப்படும் இந்த வகை நிறுவனம் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் பண்டு 1872இல் தொடங்கியது. உறுப்பினரிடம் வாங்கி உறுப்பினருக்கே நகையின் மேலும் வீட்டின் மேலும் கடன் கொடுப்பதுதான் இதன் தொழில். 2014ஆம் ஆண்டின் நிதி விதிகள் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கின்றன. டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யக்கூடாது. டெபாசிட் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன் கொடுக்கக்கூடாது. மாவட்டத்துக்கு வெளியே கிளை திறக்க முன் அனுமதி வேண்டும். வட்டிக்கும் உச்சவரம்பு உண்டு. இப்போது அது 12.5 சதவீதம். எங்கள் ஊர் நிறுவனத்துக்காரரோ ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி டெபாசிட் கேட்டார். ஆள் பிடித்துத் தந்தவர்களுக்கு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்.

இனி அந்த ரசீதுக்கு வருகிறேன்.

பழைய ரசீதில் இளம்பச்சை ஓரம், மேலே கோபுரச் சின்னம், நடுவில் 'நிரந்தர வைப்பு ரசீது' என்ற தலைப்பு, கீழே நிறுவனத்தின் பெயரும் மேலாளர் கையெழுத்தும். முதிர்வுத் தேதி வந்து புதுப்பித்தபோது தந்த ரசீதிலும் அதே பச்சை, அதே கோபுரம், அதே மேலாளரின் சாய்ந்த கையெழுத்து. 'வைப்பு' என்று இருந்த இடத்தில் மட்டும் 'மூலதனப் பங்களிப்பு' என்று மாறியிருந்தது. அடியில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், 'எல்.எல்.பி.' (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) என்று முடியும் வேறொரு பெயர். "கம்ப்யூட்டர் மாற்றியிருக்கிறோம் அம்மா, அதனால் ரசீதும் புதிது. உங்களுக்கு வட்டிகூட 14 சதவீதமாக ஏறியிருக்கிறது" என்று சொல்லித்தான் மேலாளர் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

டெபாசிட்தாரராக உள்ளே போன அத்தை, முன்பின் தெரியாத ஒரு கூட்டு நிறுவனத்துக்கு முதல் போட்டவராக வெளியே வந்தார். ஒரு நிறுவனம் முறிந்தால் கடன் கொடுத்தவருக்குத்தான் முதலில் பங்கு; மூலதனம் போட்டவருக்கு மிச்சம் மீதி இருந்தால் உண்டு. அதோடு முடியவில்லை. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில், கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர்கள் போடும் மூலதனத்தை வைப்பாகக் கருதக்கூடாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. 'மூலதனப் பங்களிப்பு' என்ற சொல் அந்த ரசீதில் தற்செயலாக வந்து உட்காரவில்லை என்று புகார் எழுதித் தந்த வக்கீல் சொன்னார். அத்தை எந்தக் கூட்டு ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை, பங்குதாரர் பட்டியலில் அவர் பெயரும் இல்லை. அதைத்தான் இப்போது எங்கள் தரப்பு வாதமாக வைத்திருக்கிறோம்.

வட்டி கடைசி வரை மாதம் தவறாமல் வந்தது. பணம் போட்ட அத்தனை பேரும் இதைத்தான் சொல்கிறார்கள், இதைச் சொல்லித்தான் மற்றவர்களையும் சேர்த்துவிட்டார்கள். புது டெபாசிட் வரும்வரை பழைய டெபாசிட்டுக்கு வட்டி கொடுப்பது யாருக்கும் கடினமில்லை. பிறகு ஒரு மாதம் 'சர்வர் பழுது' என்றார்கள். அடுத்த மாதம் 'ஆடிட் நடக்கிறது' என்றார்கள். கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனபோது, அந்தக் காலத்து மஞ்சள் கடுதாசியே தேவலை என்று தோன்றியது. அதிலாவது கடன்பட்டவன் தன் பெயரைப் போட்டுத் திவால் என்று ஒப்புக்கொள்வான். இதில் 'தற்காலிகமாக' என்ற சொல்லைத் தவிர வேறு தகவல் கிடையாது.

இதே பணம் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கியில் இருந்திருந்தால், அது எவ்வளவு சிறிய டவுன் கூட்டுறவு வங்கியாக இருந்தாலும், கதை வேறு. கேரளத்தில் 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1961இல் வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. முதலில் 1,500 ரூபாய்க்குத்தான் காப்பீடு. 1993இல் ஒரு லட்சமாகி, 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமானது. ஒருவருக்கு ஒரு வங்கியில், எல்லாக் கிளைகளையும் சேர்த்து, அசலும் வட்டியுமாக ஐந்து லட்சம். பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. முன்பெல்லாம் வங்கியைக் கலைக்க லிக்விடேட்டர் வந்து பட்டியல் தயாரிக்கும்வரை காத்துக்கிடக்க வேண்டும். 2021இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பணம் எடுக்க முடியாதபடி ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தாலே 90 நாளில் காப்பீட்டுத் தொகை கைக்கு வர வேண்டும். அத்தையின் ஆறு லட்சத்தில் ஐந்து லட்சம் இந்நேரம் வந்திருக்கும்.

நிதி நிறுவனத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. எல்.எல்.பி.க்குக் கேட்கவே வேண்டாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் இல்லை. இது கிராமத்தில் பலருக்குத் தெரியாது. காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியலை வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. "நாங்களும் இன்சூரன்ஸ் செய்திருக்கிறோம்" என்று கவுன்டரில் சொன்னால், அந்தப் பட்டியலில் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் மேலாளர் காட்டியது கட்டடத்துக்கும் நகைப் பெட்டகத்துக்கும் எடுத்த தீ, திருட்டுப் பாலிசி.

இப்போது பணம் எங்கே? 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்து, சொத்துகள் முடக்கப்பட்டு, மாவட்ட வருவாய் அலுவலர் பொறுப்பில் இருக்கின்றன. ஊரில் 'ரிசீவர் கைக்குப் போய்விட்டது' என்கிறார்கள், ஏறக்குறைய அதுதான். சிறப்பு நீதிமன்றம் முடக்கத்தை உறுதிசெய்து, சொத்தை ஏலம்விட்டு, வந்த தொகையை டெபாசிட்தாரர்களுக்கு விகிதப்படி பிரித்துக்கொடுக்க வேண்டும். பள்ளிகொண்டா பக்கம் வாங்கிப்போட்ட மனைகள்தான் பெரிய சொத்து. அதில் பாதிக்கு வில்லங்கம். முழுத் தொகையும் திரும்பும் என்று எங்களில் யாரும் நம்பவில்லை.

புகார் கொடுப்பதிலேயே தனி அலைச்சல். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலம் போய், 2019இல் வேலூரும் மூன்றாகிவிட்டது. அத்தை பணம் கட்டிய கிளை ஆம்பூரில், அது திருப்பத்தூர் மாவட்டம். தலைமை அலுவலகம் வேலூரில். மேலாளர் வீடு ஆற்காட்டில், அது ராணிப்பேட்டை. உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒவ்வொருவரும் அடுத்த மாவட்டத்தைக் கைகாட்டினார்கள். நேராகப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கே போய்விடுங்கள், அங்கே புகாரை வாங்கிக்கொண்டார்கள்.

நிறுவனம் மூடிய பிறகு வேறு வகை ஆட்கள் வருவார்கள், அவர்களிடமும் ஜாக்கிரதை. 'பாதிக்கப்பட்டோர் சங்கம்' என்று சொல்லித் தலைக்கு ஆயிரம் வாங்கிய ஒருவர் இப்போது போனை எடுப்பதில்லை. புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. இன்னொருவர் ரசீதை ரூபாய்க்கு இருபது பைசா வீதம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, கூடவே வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார். மூடிய நிறுவனத்தில் டெபாசிட் பிடித்த பெண்களில் சிலர் பேர்ணாம்பட்டுப் பக்கம் வேறொரு நிறுவனத்தின் படிவத்தோடு வீடு வீடாகப் போவதாகவும் கேள்வி. அவர்களும் தங்கள் பணத்தை இழந்தவர்கள்தான். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அந்த இரக்கத்தைத் தள்ளிவையுங்கள்.

நகை அடகு வைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'கம்பெனியே மூடிவிட்டது, இனி வட்டி எதற்கு' என்று சும்மா இருக்காதீர்கள். நீங்கள் வாங்கிய கடன், டெபாசிட் போட்டவர்களுக்குச் சேரவேண்டிய பணம். அது தானாகத் தள்ளுபடி ஆகாது. உங்கள் நகையை அவர்கள் வேறு இடத்தில் மறு அடகு வைத்திருக்கவும் வாய்ப்புண்டு, எங்கள் ஊரில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. அடகுச் சீட்டின் நகலோடு மாவட்ட வருவாய் அலுவலரிடம் எழுத்துமூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் புகார் தராதவர்கள் பழைய ரசீது, புதிய ரசீது, பாஸ்புக், வட்டி வரவான வங்கிக் கணக்கின் விவரம், ஆதார் நகல் ஆகியவற்றோடு போங்கள். பழைய ரசீதைப் புதுப்பிக்கும்போது அவர்களே வாங்கிவைத்துக்கொண்டிருந்தால், அதன் எண் பாஸ்புக்கில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தை நகலெடுங்கள். அசலை விசாரணை அதிகாரியிடம் தவிர யாரிடமும் தரவேண்டாம். கொடுத்தால் அதற்கும் ரசீது கேட்டு வாங்குங்கள்.