'கைக்குப் பழகிய காக்டெயில்' விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்

பாதி மாதச் சம்பளம் போச்சு, காக்டெயில் என்கிற கொண்டை வைத்த சின்னக் கிளியும் போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் நாகரிகம் பார்த்துப் பாதியை விழுங்கிவிடுவேன்.

பழைய சோபாவிலிருந்து வளர்ப்புப் பிராணி வரை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்கிற வகை ஆப் அது. 'கையால் ஊட்டி வளர்த்த காக்டெயில் குஞ்சு, வயது மூன்று மாதம், டாக்டர் பரிசோதித்தது' என்று விளம்பரம், கூடவே ஒரு வீடியோ. பறவை ஒருவர் விரலில் உட்கார்ந்திருக்கிறது. தலையைத் தடவினால் கண்ணை மூடிக்கொள்கிறது.

விற்றவர் அவசரப்படுத்தவே இல்லை. "கூண்டு எவ்வளவு பெரிசு சிஸ்டர்? சமையலறைப் பக்கம் வெச்சிடாதீங்க. நான்ஸ்டிக் பாத்திரம் ரொம்ப சூடானா வர்ற புகையே பறவையைக் கொன்னுடும்" என்று அவராகவே சொன்னார். அது உண்மைதான். ராத்திரி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் தூங்க விட வேண்டும், வெறும் தினையை மட்டும் போட்டு வளர்க்கக் கூடாது, கீரை பழக்க வேண்டும், அவகாடோ விஷம் என்று அவர் சொன்ன எல்லாமே சரி. இவ்வளவு அக்கறையாகப் பேசுகிற ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? அந்தப் பேச்சுக்குத்தான் பாதி மாதச் சம்பளத்தை மொத்தமாக முன்கூட்டியே அனுப்பினேன். சரியான விஷயம் நாலு தெரிந்தவன்தான் நன்றாக ஏமாற்றுகிறான்.

அட்டைப்பெட்டியில் பறவை வந்தது. விரலை நீட்டியதும் ஏறிக்கொண்டது. அப்படி ஒரு சாது. மறுநாள் காலையில் அது குச்சியில் இல்லை. கூண்டின் தரையில், இறகையெல்லாம் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. கிண்ணத்தில் தலையை விட்டுத் தினையைக் கிளறியதே தவிர, ஒரு மணியின் உமியைக்கூட உரிக்கவில்லை.

போன் செய்தேன். "பயண அலுப்பு சிஸ்டர், சரியாகிடும்." அடுத்த முறை, "க்ளைமேட் மாறினா அப்படித்தான்." அப்புறம், பறவை வந்த பெட்டியில் வைத்திருந்த மஞ்சள் நிறப் பொடி ஒன்றைத் தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார். பொட்டலத்தில் பெயரும் இல்லை, அளவும் இல்லை. தண்ணீரே குடிக்காத பறவைக்குத் தண்ணீரில் மருந்து! பரிசோதனைச் சீட்டைக் கேட்டால், டாக்டர் லீவாம். கடைசியில், "என்னத்தப் போட்டீங்களோ, உங்க வளர்ப்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார். ஆப்பில் புகார் கொடுத்தேன். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான பரிவர்த்தனைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. கீழேயே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வி வேறு.

பறவை மருத்துவர் எடை போட்டார், 64 கிராம். வளர்ந்த காக்டெயில் பொதுவாக 80 கிராமுக்குக் குறையாது. குஞ்சு என்று சொன்னதும் பொய். சாம்பல் நிறக் காக்டெயிலில் ஆணுக்கு முகம் இதற்கு இருந்ததுபோலப் பளிச்சென்று மஞ்சளாவது முதல் இறகுதிர்ப்புக்குப் பிறகுதான், மூன்று மாதத்தில் இல்லை. இறக்கையை விரித்துக் காட்டினார். பறக்கிற இறகுகளை இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டியிருந்தார்கள். சதை வற்றி, நெஞ்செலும்பு விரலில் கத்தியாகத் தட்டுப்பட்டது. பறக்க இறகில்லை, திமிறத் தெம்பில்லை. அந்த நிலைமையைத்தான் 'கைக்குப் பழகியது' என்று வீடியோ எடுத்து, பாதி மாதச் சம்பளத்துக்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பரிசோதனை முடிவு வருவதற்குள் இறந்துவிட்டது. முடிவு: சிட்டகோசிஸ். கிளி இனப் பறவைகளிடமிருந்து மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய பாக்டீரியா நோய். புதுப் பறவையைத் தனி அறையில்தான் வைத்திருந்தேன். ஆனாலும் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பட்ஜி கிளிகளுக்கு இப்போது 45 நாள் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக். அந்த மருந்தோடு கால்சியம் சேரக் கூடாது என்பதால் கால்சியத்துக்காகக் கூண்டில் மாட்டியிருந்த கணவாய் மீன் ஓட்டையும் எடுத்தாயிற்று. இந்தச் செலவு அந்தப் பாதி மாதச் சம்பளத்தில் சேராது.

பறவை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். பக்கத்தில் போவதற்கு முன் தூரத்தில் நின்று பாருங்கள், ஆளைப் பார்த்ததும் நோயை மறைத்துக்கொள்வது பறவையின் குணம். மூக்குத் துவாரமும் வாலடி இறகும் சுத்தமாக இருக்க வேண்டும். நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள், எலும்பு கத்தியாகத் தட்டுப்படக் கூடாது. வீட்டில் ஒரு கிராம் தராசு வைத்துக்கொள்ளுங்கள், இறகு மறைப்பதை எடை காட்டிவிடும். வேறு பறவை இருந்தால் புதியதைக் குறைந்தது 30 நாள் தனியாக வையுங்கள். பேர் இல்லாத பொடி எதையும் கலக்காதீர்கள்.

அதே வீடியோ அந்த ஆப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, 'ஒரே ஒரு குஞ்சு பாக்கி' என்று. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குக் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று எது வந்தாலும் டாக்டரிடம் வீட்டில் புதிதாகப் பறவை வாங்கியதைச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.