காசிமேட்டுத் தார்ப்பாய்க் கடை: சைஸுக்கு முன்னாடி காத்தைப் பத்திக் கேக்குறாரு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போற வழியில வலை, கயிறு, மிதவை விக்கிற கடைங்க இருக்கும். அதுல பேர்ப்பலகை துருப்பிடிச்சுப் போன ஒண்ணைப் பத்திதான் சொல்றேன். தார்ப்பாய்னு கேட்டதும் நீலச் சுருளை எடுத்துப் போட மாட்டாரு கடைக்காரப் பெரியவரு. "இன்னாத்துக்குபா? போட்டுக்கா, மாடிக்கா, குடிசைக்கா?" அடுத்தது, "காத்து எந்தாண்டலேர்ந்து அடிக்கும்?"

ரெண்டாவது கேள்வியிலயே ஆள் எனக்குப் புடிச்சுப் போச்சு. பிலிப்பைன்ஸ்ல செபு நகரத்துல ஒரு இந்தியன் ஓட்டல்ல மாஸ்டரா இருந்தேன். 2021 டிசம்பர் 16 ராத்திரி ராய் புயல், அந்த ஊர்ல வச்ச பேர் ஒடெட். நாங்க தங்கியிருந்த வீட்டுத் தகரக் கூரை மேல எதுவும் விழல. தாவாரத்துக்கு அடியில காத்து பூந்து, ஆணியோட பேத்துத் தூக்கிடுச்சு. அப்புறம் வாரக்கணக்கா கரண்ட் கிடையாது. ஜெனரேட்டர் வச்சிருந்தவங்க காசு வாங்கிட்டு போனுக்கு சார்ஜ் போட்டுக் குடுத்தாங்க. குடிதண்ணிக்குக் கேனோட க்யூ. தண்டையார்பேட்டைக்காரனுக்கு அது ஒண்ணுதான் பழகின விஷயம். கூரை போன வீடுங்களுக்கெல்லாம் தார்ப்பாய்தான். பாய் மேல நேரா ஆணி அடிச்சவங்களுக்கு அடுத்த காத்துலயே கிழிஞ்சது. ஓரத்துல ரீப்பர் கட்டை வச்சு, கட்டை மேல ஆணி அடிச்சவங்களுக்கு நின்னுது.

இங்க 2023 மிக்ஜாம் அப்போ எங்க மாமா ஆன்லைன்ல வாங்கின மெல்லிசுப் பாயை மாடியில கட்டியிருந்தாரு. காலையில பாத்தா கயிறு கோக்குற கண்ணு வளையம் மட்டும் கயித்துல தொங்குது, பாய் அடுத்த தெரு கேபிள் வயர்ல.

அதனால இந்தக் கடையில 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 250 கிராம் கனம்), 18-க்கு 12 அடி எடுத்தேன். பெரியவரு ஓரத்தைப் பிரிச்சுக் காட்டினாரு: உள்ள கயிறு வச்சு மடிச்சிருக்கு, மூலையில தனியா ஒட்டு குடுத்திருக்கு. கண்ணெல்லாம் பித்தளை. அலுமினியம்னா நம்ம உப்புக் காத்துல வெள்ளையா பூத்து உதிர்ந்துடும்னாரு. நடுநடுவுல கூடுதலா கண்ணு அடிச்சுத் தரச் சொன்னேன், உக்காந்த இடத்துலயே அடிச்சாரு. கயிறு கிலோ கணக்குல, போட்டுக்குக் கட்டுற அதே கயிறு. முடிச்சும் சொல்லித் தராரு. ரெண்டாந்தரம் கேட்டா திட்டு விழும்.

குறைன்னா, பில் கிடையாது, வண்டி நிறுத்த இடம் கிடையாது, பாய்ல ஒட்டின மீன் வாடை போக ரெண்டு மழை ஆகும். 2024 ஃபெஞ்சல் மழைக்கு ஒரு சொட்டு உள்ள இறங்கல. ஆனா அது புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்ததால நமக்குப் பெரிய காத்து இல்ல. வர்தா மாதிரி ஒண்ணு வந்து பாத்தாதான் அஞ்சு ஸ்டார். இப்போதைக்கு நாலு.

போறதா இருந்தா ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாடியே போயிடுங்க. எண்ணூர்ல புயல் கூண்டு ஏத்தினப்புறம் போனா, விலை ஏத்த மாட்டாரு, ஆனா இருக்கிற சரக்கு மொத்தமும் போட்டுக்காரங்களுக்குத்தான்.