"சர்வர நாங்க பார்த்துக்கறோம்"ங்கற பேச்சை நம்பினேன், ₹38,400 போச்சு

இப்பத்தான் என் ஆன்லைன் கடைக்கு சர்வர் குடுத்த கம்பெனில, நான் போட்ட கடைசி புகார் டிக்கெட்டையும் "தீர்ந்தது"னு போட்டு மூடிட்டாங்க. எதுவும் தீரல. ஆத்திரம் அடங்கறதுக்குள்ள எழுதிடறேன், இன்னொருத்தர் மாட்டக்கூடாது. என்ன பார்த்து வாங்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

கோயம்புத்தூர்ல மோட்டார் பம்ப் உதிரி பாகம் விக்கிறோம். சீல், இம்பெல்லர், புஷ், பேரிங்னு நாலாயிரம் ஐட்டத்துக்கு மேல. ஆன்லைன் கடை மெஜென்டோ 2.4ங்கற கடை சாஃப்ட்வேர்ல ஓடுது. அதுல பழைய மாதிரி மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை வச்சுத் தேடல் ஓட்ட முடியாது, எலாஸ்டிக்சர்ச்சோ ஓப்பன்சர்ச்சோன்னு தனியா ஒரு சர்ச் எஞ்சின் ஓடியே ஆகணும். அது நின்னா தேடல் மட்டுமில்ல, கேட்டகிரி பக்கத்துலகூட ஒரு பொருளும் வராது. சர்வரை ஓட்டுற லினக்ஸ் எனக்குத் தெரியாது. அதனாலதான் "மேனேஜ்டு கிளவுட்"னு, அதாவது சர்வரை அவங்களே பராமரிப்பாங்கன்னு, விளம்பரம் பண்ற ஒரு கம்பெனிக்குப் போனேன். மாசம் ₹2,200 வீதம் ஒரு வருஷத்துக்கு ₹26,400, சர்ச் எஞ்சின் செட்டப்புக்குத் தனியா ₹12,000. மொத்தம் ₹38,400.

மத்த இடத்துலயெல்லாம் இங்கிலீஷ் சாட்டுதான். இங்க ஒரு தம்பி போன்லயே, நம்ம ஊர்ப் பேச்சுல பேசினாரு. "சர்ச் எஞ்சின் ஜாவாவுல ஓடறது, மெமரி நிறைய கேக்கும்னு சொல்றாங்களே தம்பி, 2 ஜிபி போதுமா?"ன்னு கேட்டேன். "தாராளமா போதுமுங்கண்ணா. நீங்க கடையப் பாருங்க, சர்வர நாங்க பார்த்துக்கறோம்." அந்த வார்த்தைக்குத்தான் அன்னைக்கு ராத்திரியே முழுப் பணமும் அனுப்பினேன். அனுப்பின நிமிஷம் "நன்றிங்கண்ணா"ன்னு பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்ல.

நாலு நாள் ஓடுச்சு. அஞ்சாம் நாள் காலைல பொள்ளாச்சில இருந்து ஒரு மெக்கானிக் கூப்பிட்டாரு: "ஏனுங்க, கடைய மூடிட்டீங்களா? 6202 பேரிங் தேடினா ஒண்ணுமே வரல." சர்வர் எழுதி வைக்கிற லாக்ல "நோ அலைவ் நோட்ஸ் ஃபவுண்ட் இன் யுவர் கிளஸ்டர்"னு நிக்குது, சர்ச் எஞ்சின் செத்துக் கிடக்குன்னு அர்த்தம். சப்போர்ட்டுல சொன்னா ரீஸ்டார்ட் பண்ணுவாங்க, ஆர்டர் வர்ற நேரம் பார்த்து மறுபடி சாயும். பதினோரு நாள்ல ஏழு தடவை! "அது அப்ளிகேஷன் பிரச்சினை சார், எங்க ஸ்கோப்ல வராது"ன்னு ஒருத்தர். "டெவலப்பரைக் கேளுங்க"ன்னு இன்னொருத்தர். மூணாவது ஆள் நேராவே சொல்லிட்டார், "8 ஜிபி பிளானுக்கு மாறிடுங்க." அப்ப 2 ஜிபி போதும்னு சொன்னது யாருங்க?

ஞாயித்துக்கிழமை அக்கா மகன் வந்து பார்த்தான். இருக்கிற 2 ஜிபில எலாஸ்டிக்சர்ச்சோட ஹீப்புக்கே, அதாவது ஜாவா தனக்குன்னு எடுத்துக்கிற மெமரிக்கே, 1 ஜிபி ஒதுக்கியிருக்காங்க. மிச்சத்துல மைஎஸ்கியூஎல், கடையை ஓட்டுற பிஎச்பி எல்லாம் ஓடணும். மெமரி தீர்ந்ததும் லினக்ஸே ஜாவாவைக் கொன்னுடுது, கூடவே சர்ச் எஞ்சினும் நின்னுடுது. லாக்ல ஒவ்வொரு தடவையும் "அவுட் ஆஃப் மெமரி"ன்னு அப்படியே பதிவாகியிருக்கு. சப்போர்ட்ல ஒருத்தர்கூட அதைத் திறந்து பார்க்கல.

அப்புறம் என் போனை வாங்கி, பிரவுசர்ல சர்வரோட ஐபி நம்பர் போட்டு பக்கத்துல :9200ன்னு அடிச்சான், அதுதான் எலாஸ்டிக்சர்ச்சுக்குள்ள போற வாசல், போர்ட்டுன்னு சொல்வாங்க. பாஸ்வேர்டே கேக்காம திறந்துடுச்சு. கடைசி வரில "யூ நோ, ஃபார் சர்ச்"னு இருந்துச்சு. எலாஸ்டிக்சர்ச் 8ல பாஸ்வேர்டு தானாவே வரும், இவங்க போட்டது 7, அதுல நாமதான் ஆன் பண்ணணும். பண்ணல, போர்ட்டையும் ஊருக்கே திறந்து வச்சிருக்காங்க. 2020ல "மியாவ்" தாக்குதல்ல இப்படித் திறந்து கிடந்த டேட்டாபேஸ்தான் ஆயிரக்கணக்குல அழிஞ்சது. ஃபயர்வால்ல பத்து நிமிஷத்துல அவன் மூடிட்டான். இந்த வேலைக்கு ₹12,000!

பணத்தைக் கேட்டா, "செட்டப் கட்டணம் திருப்பித் தர முடியாது, வருஷ பிளானை மூணு நாளைக்குள்ள கேன்சல் பண்ணியிருக்கணும்." எனக்கு நின்னதே அஞ்சாம் நாள். ₹38,400ல ஒரு ரூபாகூட வரல.

விவரமா எழுதணும்னு நினைச்சேன், கவுண்டர்ல ஆள் நிக்கிறாங்க. சுருக்கமா: வருஷப் பணம் மொத்தமா கட்டாதீங்க. சர்ச் எஞ்சின் நின்னா யார் பொறுப்புன்னு மெயில்ல எழுதி வாங்குங்க, போன்ல சொன்னதை நம்பாதீங்க. செட்டப் முடிஞ்சதும் உங்க மொபைல் டேட்டாவுல சர்வர் ஐபி பக்கத்துல :9200 அடிச்சுப் பாருங்க, திறந்தா உடனே மூடச் சொல்லுங்க. சாட் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. நான் எடுத்து வச்சிருக்கேன், நாளைக்குக் காலைல 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுக்கறேன்.