மந்தமான ஸ்பூல் டேப்: கணினியில் திருத்துவதா, ஹெட்டில் திருத்துவதா?

கும்பகோணத்தில் தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த ஸ்பூல் டேப்பில் ஒரு கல்யாண நாகஸ்வரக் கச்சேரி. கணினியில் ஏற்றிக் கேட்டால், நாயனத்தைப் போர்வைக்குள் வைத்து வாசித்தது போல இருந்தது.

முதலில் சோம்பேறி வழி. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் ஈக்வலைசரைத் (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) திறந்து உயர் அதிர்வெண்களை ஏற்றினேன். நாயனம் தெளியவில்லை, இரைச்சல்தான் கூடியது. டேப்பிலிருந்து எடுக்கும்போதே விட்டுப்போனதை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்?

அப்புறம் இயந்திரத்துக்கே வந்தேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டை (டேப் உரசி ஓடும்போது ஒலியை எடுக்கும் பாகம்) துடைத்ததும் பஞ்சு காவி நிறமானது. அந்த மெல்லிய படலம் இருந்தாலே உயர்ந்த ஒலிகள் மங்கிவிடும். அடுத்தது அஸிமத் திருகு, அதாவது ஹெட்டின் சாய்வை மாற்றும் திருகு. ஹெட்டின் முகப்பில் உள்ள நுண்ணிய இடைவெளி டேப் ஓடும் திசைக்கு 90 பாகையில் நிற்க வேண்டும். பதிவு செய்த இயந்திரமே சாய்ந்திருந்தால் நம் ஹெட்டையும் அதே சாய்வுக்குக் கொண்டுவர வேண்டும். மோனோவில் (இரு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து) கேட்டபடி இம்மி இம்மியாகத் திருகினால், ஜால்ரா பளிச்சென்று ஒலிக்கும் இடம் காதுக்கே தெரியும். திருகு முதலில் இருந்த நிலையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோய் அரை நாள் அலைந்தேன்.

50 ஹெர்ட்ஸ் மின்சார முனகலுக்கு மட்டும் மென்பொருளே போதும். ஐப்பசி ஈரத்தில் ஊறிய டேப் ஒட்டிக்கொண்டு கிறீச்சிட்டால் இரண்டுமே உதவாது; ஓட்டத்தை உடனே நிறுத்திவிடுங்கள்.