அவலாஞ்சியில் பழகிய கை, குடமுருட்டிக்குக் கட்டிய ஃப்ளை

பாபநாசத்துக்கும் திருவையாறுக்கும் நடுவே ஒரு மோட்டார் காயில் கட்டும் கடை. அதன் பின்கட்டில் ஒரு அண்ணன் தூண்டிலுக்கு ஃப்ளை, அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய் இரை, கட்டித் தருகிறார். பெயர்ப்பலகை கிடையாது. போன ஆனியிலிருந்து அவரிடம் மூன்று தடவை வாங்கிவிட்டேன். மூன்றாவதைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அவர் கை பழகியது ட்ரவுட் மீனுக்கு. நீலகிரியில் சில வருஷம் இருந்தபோது கற்றுக்கொண்ட தொழில். ட்ரவுட் நம் ஊர் மீன் இல்லை, வெள்ளைக்காரர்கள் மலைக்குக் கொண்டுவந்து விட்டது. அவலாஞ்சியில் 1907-லேயே அதற்குப் பொரிப்பகம் வைத்தார்கள். குளிர்ந்த, தெளிந்த ஓடையில்தான் அது வாழும். நான் பிடிப்பதோ விரால். நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை எனக்கு. தை, மாசியில் மூட்டைகளை விட்டு நகர முடியாது. கோடையிலும், மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்த பிறகும்தான் ராடைத் தொடுவேன்.

முதலில் வாங்கியது ஊலி பக்கர் என்ற வகை ஃப்ளை. 1967-ல் பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் என்பவர் பாஸ் மீனுக்காகக் கட்டியது. பிறகு ட்ரவுட் பிடிக்கிறவர்கள் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். வாலுக்கு மராபு, அதாவது வான்கோழியின் பஞ்சு இறகு. உடம்புக்கு செனில் என்ற பொசுபொசு நூல், அதன் மேல் சேவலின் கழுத்து இறகைச் சுற்றி, அவிழாமல் இருக்கச் செம்புக் கம்பியால் ஒரு கட்டு. கம்பிக்கு அண்ணன் அலையவே வேண்டாம், காயில் கழித்ததே மேசையில் கிடக்கிறது. எட்டாம் நம்பர் முள்ளில் அழகாகத்தான் இருந்தது. குடமுருட்டியில் பிரியும் எங்கள் வாய்க்காலில் போட்டேன். மூழ்கிப் பாசியை வாரிக்கொண்டு வந்தது. இரண்டு ஜிலேபிக் கெண்டை கிடைத்தது, விரால் ஏறிட்டும் பார்க்கவில்லை.

திரும்பப் போய்ச் சொன்னேன். "தம்பி, விரால் மூச்சு வாங்க மேல வர்ற மீனு. அதுக்கு மேலதான் ஆட்டம் காட்டணும்" என்றார். அயல்நாட்டில் மிதக்கும் ஃப்ளைக்கு மான் முடி வைப்பார்களாம், உள்ளே பொந்தாக இருப்பதால் மிதக்கும். இங்கே 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, அந்தப் பேச்சே வேண்டாம் என்று ரப்பர் செருப்பை அறுத்துத் தலை வைத்தார். முள் ஒன்று பை பூஜ்ஜியம், முன்னதை விடப் பெரியது. முள்வாயை மறைத்துத் தங்கூசியில் ஒரு வளையம், ஆகாயத்தாமரையில் மாட்டாமல் வழுக்கிப் போக. மாட்டவில்லைதான். ஆனால் தலை அகலம். ஃப்ளை ராடில் வீசுவதற்கான கனம் முழுக்க லைனில்தான் இருக்கும், ஃப்ளையில் இல்லை. அகலத் தலை காற்றைப் பிடித்துச் சுழன்று லீடரை, அதாவது லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பை, முறுக்கிவிட்டது. நான்கு விரால் பின்னாலிருந்து அடித்தன, ஒன்றும் மாட்டவில்லை. வால் நுனி மட்டும் பிய்ந்து வந்தது.

அந்தப் பிய்ந்த ஃப்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் திருப்பம். அவர் என்ன மீன், எத்தனை கிலோ என்றெல்லாம் கேட்கவில்லை. "எந்தப் பக்கம் பிஞ்சிருக்கு, காட்டு" என்றார். விளக்கடியில் ஒவ்வொரு இழையாக விரித்துப் பார்த்தார். அப்புறம் புதிதாக ஒரு முள்ளை வைஸில் (முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சின்னப் பிடிப்பான்) மாட்டி என் கண்ணெதிரே கட்டினார். செருப்புத் தலையை இருபுறமும் சரிவாகச் சீவிக் கூராக்கினார். முள்ளின் வளைவில் நான்கு சுற்றுச் செம்புக் கம்பி, பின்பக்கம் லேசாகத் தாழ்ந்து நிற்க. வால் மூன்று அங்குலம் இருந்தது, பாதியாக்கினார். கத்தரிக்கோலைத் தொடவில்லை; கட்டை விரல் நகத்தாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்தார். வெட்டினால் நுனி துடைப்பம் மாதிரி மொட்டையாகிவிடும், கிள்ளினால் இழைகள் ஏற்ற இறக்கமாக நின்று தண்ணீரில் அசையும் என்றார். வாளியில் போட்டுக் காட்டியபோது வால் மூச்சு விடுவது போலத் திறந்து மூடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நிறம் முழுக் கறுப்பு. புதுத்தண்ணீர் செங்கலங்கலாக இருக்கும்போது, கீழிருந்து பார்க்கிற மீனுக்கு வானத்து வெளிச்சத்தில் கறுப்புதான் தெளிவாகத் தெரியும். ஆடி முதல் வாரத்தில் கோரை ஓரம் போட்டு, இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். பொளக்கென்று தண்ணீர் குழிந்தது. முள் மேல்தாடையில் சரியாக ஏறியிருந்தது. அன்று காலை மூன்று வீசலில் இரண்டு மாட்டியது. சிவப்புக் குஞ்சுகளோடு ஒரு ஜோடி நின்ற இடத்தில் மட்டும் போடவில்லை. தாய் தகப்பன் போனால் அந்தக் கூட்டமே போச்சு.

குறையும் சொல்லவேண்டும். ஒட்டிய பிளாஸ்டிக் கண் இரண்டாம் மீனிலேயே உதிர்ந்தது. விராலுக்கு அது தேவையும் இல்லை, அடுத்ததில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் என்றால் இருபது நாள் ஆகிறது. பம்புசெட் மோட்டார்கள் வரிசையில் நிற்கும் மாதத்தில் ஃப்ளை பின்னால் போய்விடும். முதலாவது நூற்றிருபது ரூபாய், இது நூற்றெண்பது. கடையில் கிடைக்கும் ரப்பர் ஃப்ராக், அதாவது தவளை வடிவப் பொய் இரையை விடக் கூடுதல்தான், நான் மனதாரக் கொடுக்கிறேன்.

போகிறவர்கள் ஞாயிறு மதியத்துக்கு மேல் போங்கள். எந்தத் தண்ணீர், எவ்வளவு ஆழம், என்ன புல் என்று சொல்லுங்கள். பழைய ஃப்ளை கடிபட்டுக் கிடந்தால் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள், அதைத்தான் அவர் முதலில் கேட்பார்.