பவுண்டரியா, ரேஸ் காரா, ஆய்வகமா? கொங்கு மாணவர்கள் எந்தப் பிராஜெக்ட்டை எடுக்கலாம்?

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மூன்றாம் ஆண்டு முடியும்போதே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. காசு கொடுத்து ரெடிமேட் பிராஜெக்ட் வாங்குவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வைவாவில் இரண்டாவது கேள்விக்கே அதன் சாயம் வெளுத்துவிடும். மீதி மூன்று வழிகளைப் பார்ப்போம்: ரேஸ் கார் டீம், ஆய்வகம், பவுண்டரி எனும் உலோக வார்ப்புப் பட்டறை.

முதலில் ரேஸ் கார் டீம். மாணவர்களே ரேஸ் காரை டிசைன் செய்து, கட்டி, ஓட்டிக்காட்டும் ஃபார்முலா பாரத் போட்டி நம் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடப்பது நமக்குப் பெரிய வசதி. வெளிமாநில அணிகள் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வரும் இடத்தை நாம் பக்கத்திலிருந்தே பார்த்துவிடலாம். என்ஜின் 710 சிசிக்கு மேல் போகக்கூடாது. பிரேக் சோதனையில் நான்கு சக்கரமும் லாக் ஆகாவிட்டால் டிராக்கில் இறக்கவே விடமாட்டார்கள். இந்தக் குழாய்க்கு ஏன் இந்தத் தடிமன் என்று டிசைன் நடுவர்கள் துருவுவார்கள். அப்படிப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை கம்பெனி இன்டர்வியூவில் திணறாது. செலவும் அட்டெண்டன்ஸும் மட்டும் கையைக் கடிக்கும். பெரிய டீமில் ஸ்பான்சர் கடிதம் மட்டுமே எழுதியவருக்குப் பின்னால் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. எந்தப் பாகம் என் பொறுப்பு என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஆய்வகப் பிராஜெக்ட்டில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தேங்காய்த் தொட்டிக் கரியை வைத்து மெத்திலீன் நீலச் சாயத்தை நீக்குவதாக எத்தனையோ ரிப்போர்ட்டுகள் வருகின்றன. திருப்பூர் பருத்தி பனியன் துணிக்கு ஏறுவது ரியாக்டிவ் சாயம். அது எதிர்மின் தன்மை கொண்டது, மெத்திலீன் நீலம் நேர்மின் தன்மை கொண்டது. ஒன்றைப் பிடிக்கும் கரி மற்றொன்றையும் அதே அளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு சாயக்கழிவில் உப்பு ஏராளம். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்த ஊர் இது. இங்கே ஆய்வு செய்பவர் ஒரு கேன் நிஜக் கழிவுநீரில் சோதித்துப் பார்க்க வேண்டாமா? மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு ஆய்வகமே சரியான வழி. இந்த ஒன்றைச் செய்தால் அந்த ஆய்வு ஊருக்கும் உதவும்.

அப்புறம் பவுண்டரி. என் ஓட்டு இதற்குத்தான். பம்ப் பாடி வார்ப்பில் புளோ ஹோல், அதாவது காற்று அடைபட்ட ஓட்டை, விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலில் ஈரம் கூடியிருக்கலாம், வார்ப்பின் உள்குழிவுக்காக அச்சில் வைக்கும் மணல் கோர் சரியாகக் காயாமல் இருக்கலாம், உலோகம் சூடு குறைந்து ஊற்றப்பட்டிருக்கலாம். ரிஜெக்ட் ஆன பீஸை மறுபடி உருக்கிக்கொள்ளலாம், ஆனால் ஃபர்னஸ் குடித்த கரண்டும் ஆள் கூலியும் போனது போனதுதான். ஷிப்ட் வாரியாக ஈரத்தையும் சூட்டையும் குறித்து, எந்தக் காரணம் என்று ஒரு மாணவர் பிரித்துக் காட்டினால் முதலாளிக்கு மாதாமாதம் காசு மிச்சம். ரிஜெக்‌ஷன் குறைந்ததா இல்லையா என்பதைப் பட்டறைக் கணக்கே சொல்லிவிடும்.

குறையும் உண்டு. சர்டிபிகேட் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் இடங்கள் பல. சில முதலாளிகள் எண்களை வெளியே விடமாட்டார்கள். அதனால் கோவையில் பட்டறைகள் இருக்கும் ஆவாரம்பாளையமோ குறிச்சி சிட்கோவோ, போனதும் காலேஜ் லெட்டரை நீட்டாதீர்கள். “ஏனுங்ணா, எந்த ஐட்டத்துல ரிஜெக்‌ஷன் சாஸ்தியா வருதுங்க?” என்று மோல்டிங் ஆட்களிடம் கேளுங்கள். பதில் வந்தால் பிராஜெக்ட் கிடைத்த மாதிரி.

டிசைன் மாணவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். போர்ட்ஃபோலியோவில் அழகான ஸ்கெட்ச் பத்து இருப்பதை விட, திருப்பூர் சாம்பிள் செக்‌ஷனில் துவைத்தபின் சுருங்கிய ஒரு டீ-ஷர்ட்டின் அளவைச் சரிசெய்த கதை ஒன்று இருந்தால் வேலைக்கு எடுப்பவர் நின்று பார்ப்பார்.

இரண்டாம் ஆண்டு மாணவர் ரேஸ் டீமில் சேரட்டும். கடைசி ஆண்டுக்காரர் பட்டறைக்குப் போகட்டும், ஆனால் எட்டாம் செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டாம். ஏழாம் செமஸ்டரிலேயே பழைய நிலைமைக்கான தரவை எடுத்து வைத்தால்தான், மாற்றம் செய்தபின் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்கும்.