வேளச்சேரி ஃபிளாட்டை சிங்கப்பூரில் இருந்தே விற்றோம்: அந்த என்ஆர்ஐ சர்வீஸ் எப்படி?

என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களின் சொத்தை விற்றுத் தருகிறோம் என்று சென்னையில் தெருவுக்கு ஒரு போர்டு தொங்குகிறது. அப்படி ஓர் அலுவலகத்தை வைத்துத்தான் போன வருஷம் எங்கள் ஃபிளாட்டை விற்றோம். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

புரோக்கர்கள் எல்லாரும் "என்ன ரேட் எதிர்பார்க்கறீங்க சார்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். இவர்கள் கேட்ட முதல் கேள்வி, யார் கையில் எந்த பாஸ்போர்ட், வருஷத்தில் எத்தனை நாள் இந்தியாவில் இருக்கிறீர்கள் என்பது. நான் சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசி), இந்திய பாஸ்போர்ட். மனைவி அந்த ஊர் குடியுரிமை வாங்கிவிட்டார், இப்போது ஓசிஐ, அதாவது இந்திய வம்சாவளி வெளிநாட்டுப் பிரஜைக்கான அட்டை வைத்திருப்பவர். வருமான வரிக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை, எங்கே வசிக்கிறோம் என்பதுதான் கணக்கு, அதனால் ரெண்டு பேருமே வெளிநாட்டில் வசிப்பவர்கள்.

அதனால் என்ன ஆகிறது? அதே பிளாக்கில் உள்ளூர்க்காரர் ஒருவர் 80 லட்சத்துக்கு விற்றால் வாங்குபவர் 1 சதவீதம், அதாவது 80,000 ரூபாய் டிடிஎஸ் (விலையிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார், அவ்வளவுதான். எங்களுக்கு 12.5 சதவீதம், செஸ் சேர்த்து 13, அதுவும் லாபத்தில் இல்லை, மொத்த விலையில். ஆளுக்குப் பாதி என்று கணக்குப் போட்டால் ரெண்டு பேருக்கும் சேர்த்து 10.4 லட்சம் போய்விடும், அதில் கூடுதலாகப் போனதைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் லாபமே 30 லட்சம்தான். முன்கூட்டியே வருமான வரித் துறையில் விண்ணப்பித்து, லாபத்துக்கு மட்டும் பிடித்தால் போதும் என்று சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுத்தார்கள், டிடிஎஸ் 3.9 லட்சத்தோடு நின்றது. எங்களிடம் வரி பிடித்துக் கட்ட வாங்குபவர் டான் என்ற தனி எண் எடுக்க வேண்டியிருந்தது. "டான் நம்பரா, அதெல்லாம் எதுக்கு, வேற வீடு பாத்துக்கறேன்" என்று கழன்றுகொள்ளப் பார்த்த வாங்குபவரை உட்கார வைத்துப் பேசியதும் அவர்கள்தான். இந்தப் பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். வருகிற பணத்தில் மன்னார்குடி பக்கம் கொஞ்சம் நஞ்சை வாங்கிப் போடலாம் என்று மனைவிக்கு ஆசை. ஓசிஐயோ, வெளிநாட்டில் இருக்கும் இந்தியப் பிரஜையோ, விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். 'மச்சான் பேர்ல வாங்கிக்கலாம் சார்' என்று யோசனை சொல்லும் ஆட்கள் நிறைய. இவர்கள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

சொதப்பியது பவர் பத்திரத்தில், அதாவது எங்களுக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரத்தில். சிங்கப்பூர் இந்திய ஹை கமிஷனில் கையெழுத்திட்டு அட்டெஸ்ட் செய்து கூரியரில் அனுப்பினோம். அது இந்தியாவுக்கு வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், ஆனால் கவர் பிரிக்காமலே அவர்கள் மேஜையில் கிடந்திருக்கிறது. யாரைக் கேட்டாலும் "அந்த ஃபைல் பாத்தவர் வேலையை விட்டுட்டார் சார், நாளைக்கு பண்ணிடறோம்". வாட்ஸ்அப்பில் விடாமல் நச்சரித்த பிறகுதான் கெடு முடியும் முன் வேலை நடந்தது.

பணம் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்தைப் போடும் வங்கிக் கணக்கு) வந்துவிட்டது. நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம் என்பதால் எங்கள் தொகைக்குச் சிக்கல் இல்லை. ஆனால் அதற்கு 15சிபி என்ற வரிச் சான்றுப் படிவத்தை ஆடிட்டர் தர வேண்டியிருந்தது, அவர் ஃபீஸ் பேக்கேஜில் இல்லை என்று கடைசியில்தான் சொன்னார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.